பழைய செடான் வாங்கப் போகிறவர்களின் எஞ்சின் கேள்விகளுக்குப் பதில்கள்

நல்ல நிலையில் ஒரு டீசல் செடான் கிடைக்கிறது. தினமும் அலுவலகத்துக்குப் போக 5 கி.மீ., வர 5 கி.மீ. வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. ஓரளவு புதிய டீசல் கார்களில் புகை வெளியேறும் வழியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும், மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை வண்டி தானாகவே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். 5 கி.மீ. ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வந்தாலும் எரித்து முடிப்பதற்குள் நீங்கள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். கரியை எரிக்கப் பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். வேலை பாதியில் நின்றுபோனால் அதில் ஒரு பகுதி வழிந்து ஆயிலில் கலக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், விரலில் தேய்க்கும்போது தண்ணியாக இருந்தால், அந்த வண்டி குறுகிய ஓட்டத்திலேயே காலம் தள்ளியிருக்கக்கூடும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை எல்லாருக்குமே சொல்கிறேன்: எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். போனதும் பேனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

மாதம் 3,000 கி.மீ., எல்லாம் நெடுஞ்சாலை. பெட்ரோலா டீசலா?

டீசல். சர்வீஸ் பில்கள் முழுதாக இருந்தால் மட்டும்.

1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், டர்போ இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல், இரண்டும் ஒரே வயது. எதை எடுப்பது?

எட்டு, பத்து வயதான வண்டி என்றால் நான் 1.6 பக்கம்தான். டர்போ என்பது புகையின் விசையில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அதன் தண்டு எஞ்சின் ஆயிலை நம்பிச் சுற்றுவது. முதல் சொந்தக்காரர் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டிருந்தால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள். டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். அதனால் காற்று உள்ளே வரும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாது. கரி படிந்துகொண்டே போகும். ஆறிய எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, அவ்வப்போது நடுங்கினால் இதையும் சந்தேகியுங்கள். மலைப்பாதை, எப்போதும் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான் என்றால் டர்போவின் இழுவை கை கொடுக்கும். அப்போது கவனமாகப் பார்த்து வாங்குங்கள்.

டைமிங் பெல்ட் வைத்த எஞ்சினே மேல் என்று முன்பு சொன்னீர்களே, ஏன்? டைமிங் செயின் என்றால் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாமே!

பலரும் நம்புகிற விஷயம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். பெல்ட்டுக்கு இத்தனை கி.மீ. அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று கையேட்டில் இருக்கும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டால் போதும். செயினுக்கு அப்படி நாள் குறித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் இணைப்புகள் தேயும், மொத்த நீளம் கூடும். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் கெட்டால் எல்லாமே சேர்ந்து கெடும். பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று ஏதாவது ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

(அதே நண்பர்) என் செயின் வண்டி 2 லட்சம் கி.மீ. ஓடிவிட்டது. சின்னச் சத்தம்கூட இல்லை.

நம்புகிறேன். ஆயில் எப்போது மாற்றினீர்கள்?

10,000 கி.மீ.க்கு ஒருமுறை, தவறியதே இல்லை.

அப்படியானால் நாம் இருவரும் ஒரே கட்சி. உங்கள் செயின் பிழைத்தது அந்த ஆயிலால். வாங்குகிறவருக்கு முந்தைய சொந்தக்காரர் உங்களைப் போன்றவரா என்று தெரியாதே! அதனால்தான் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் செயினும் டென்ஷனரும் தேய்ந்திருக்கலாம். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வராது.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமா வண்டியில் பெல்ட் அறுந்து வால்வெல்லாம் வளைந்துவிட்டது. அப்போ செயின்தானே மேல்?

பெல்ட்டை மாற்றிய பில் இருந்ததா என்று மாமாவிடம் கேளுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும், அது உண்மைதான். செயின் பல் தாண்டினாலும் அதே கதிதான். ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் பெல்ட்டும் சில எஞ்சின்களில் உண்டு. தவறான ஆயில் ஊற்றினால் அது பிய்ந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அந்த வகை எஞ்சினாக இருந்தால் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதையும் பில்லில் பாருங்கள். செயினா பெல்ட்டா என்ற பேச்சு இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் நல்லதா, டீசல் நல்லதா?

மேலே இரண்டு பதில் இருக்கிறது. தினசரி எவ்வளவு தூரம் என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா சார்?

எந்த வகை என்று பாருங்கள். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் உலர் கிளட்ச், ஆயிலில் நனைந்த கிளட்ச் என இரண்டு உண்டு. நின்று நின்று ஊரும் நெரிசலில் உலர் கிளட்ச் சூடேறித் தேயும். நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது உதறினால் விட்டுவிடுங்கள். கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையைப் பழைய வண்டியில் தைரியமாக எடுக்கலாம், ஆனால் 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பழைய ஹைபிரிட் செடான்? பேட்டரி பயமாக இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி, நெரிசலில் ஓட்டுகிறவருக்கு நல்ல தேர்வு. டொயோட்டா ஹைபிரிட்களில் தேயும் பெல்ட்டோ சாதாரண கிளட்ச்சோ கியர்பாக்ஸில் கிடையாது, நடுப் பல்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சூழ்ந்திருக்கும் பிளானட்டரி கியர்கள்தான். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பல மாடல்களில் பின்சீட்டுப் பக்கத்து ஜல்லடை வழியாகப் போகிறது. அங்கே தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால் பேட்டரி சூட்டில் வெந்திருக்கும். ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு பேட்டரித் தொகுதியின் வோல்டேஜும் ஒட்டி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடன் வட்டி, இன்சூரன்ஸ் பற்றிச் சொல்ல முடியுமா?

என் துறை இல்லை. வங்கியில் கேளுங்கள்.

டீசல் நல்லதா?

முதல் பதில்.

வண்டி பின்னால் இடி வாங்கியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

செடானில் இது சுலபம். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். தகடுகளின் இணைப்பில் கம்பெனியில் பூசிய சீலன்ட் பசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் விரலால் தடவிய மாதிரி இருந்தாலோ, தகட்டில் சுருக்கமோ தேங்கிய நீரின் துருவோ தெரிந்தாலோ பின்பக்கம் வேலை நடந்திருக்கிறது. அப்புறம் ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். ஓடும் டயர்கள் நான்கும் ஸ்டெப்னியின் வயதிலேயே இருந்து, சொன்ன கி.மீ. குறைவாகவும் இருந்தால் அந்தக் கணக்கு நம்பும்படி இருக்கிறது.

பார்க்கப் போகும் வண்டியை எஞ்சின் சூடாக்கித் தயாராக வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நல்லதுதானே?

இல்லை. தொடாமல் வைக்கச் சொல்லுங்கள், காலையில் நீங்கள் போன பிறகு ஸ்டார்ட் செய்யட்டும்.