பே ஏரியால டெண்ட் போட எங்க போலாம்? நீங்க கேட்டதும் என் பதிலும்

போன வாரம் சான் ஃப்ரான்சிஸ்கோ பே (விரிகுடா) சுத்தி டெண்ட் கேம்பிங் பத்தி என்ன டவுட் இருந்தாலும் கேளுங்கன்னு சொன்னதுல கேள்வி குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேத்து பதில் போடுறேன். ஆர்வி (வீடு மாதிரி இருக்கற வண்டி), கேபின் எல்லாம் நமக்கு தெரியாத ஏரியா, டெண்ட் மட்டும்தான்.

அக்கா, ஃப்ரீமாண்ட்ல இருக்கோம், 4 வயசுல ஒண்ணு 7 வயசுல ஒண்ணு. ஃபர்ஸ்ட் டைம். தண்ணியும் வேணும் மரமும் வேணும், எங்க போலாம்?

சைனா கேம்ப் ஸ்டேட் பார்க், கண்ண மூடிட்டு போங்க. ரிச்மண்ட் பாலம் தாண்டி சான் ரஃபேல், அங்க சான் பாப்லோ பே ஓரமா இருக்கு. ஓக் மரக்காட்டுக்குள்ள கேம்ப் கிரவுண்ட், ரோட்ட தாண்டினா சதுப்பு நிலம், அதுக்கப்புறம் தண்ணி. 1880கள்ல சீனாவோட கேன்டன் பக்கத்துல இருந்து வந்த ஐநூறு பேர் கிட்ட அங்க எறா புடிச்சு காய வெச்சு வித்துட்டு இருந்தாங்க, அந்த கிராமத்துல மிச்சம் இருக்கற மர வீடு, படகு எல்லாம் இப்பவும் பாக்கலாம், பசங்களுக்கு புடிக்கும். ஒரே ஒரு விஷயம், கார சைட் (டெண்ட் போடற இடம்) பக்கத்துல நிறுத்த முடியாது, பார்க்கிங்ல விட்டுட்டு சாமான தூக்கிட்டு நடக்கணும். மடக்குற வேகன் ஒண்ணு இருந்தா ரெண்டு நடைல முடிஞ்சிடும். இல்லன்னா பெட்டி, கூலர், பாய், தலகாணின்னு வீட்ட காலி பண்ற மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி டைட் டேபிள் (தண்ணி எப்ப ஏறும், எப்ப வத்தும்னு போட்ட அட்டவணை) பாத்துக்கோங்க. தண்ணி வத்தி இருக்கும்போது கரையோரம் பூரா சேறு, பசங்க கால் முழங்கால் வரைக்கும் போயிடும். குளிர்காலத்துல கிங் டைட், அதாவது தண்ணி ரொம்ப ஏறற அலை, வர்ற நாள்ல பார்க்குக்கு போற நார்த் சான் பெட்ரோ ரோடே தண்ணிக்குள்ள போயிடும், அன்னிக்கு போகாதீங்க.

போன ஜூலைல ஹாஃப் மூன் பே பீச்ல டெண்ட் போட்டு ராத்திரி பூரா நடுங்கிட்டே இருந்தோம். சம்மர்ல எப்படிங்க இவ்ளோ குளிரு?

சம்மர்னாலதான் குளிரு! உள்நாட்டுல இருக்கற சென்ட்ரல் வேலிங்கற பெரிய சமவெளி கொதிக்குது, அங்க சூடான காத்து மேல போக போக கடல் மேல இருக்கற ஜில்லுன்னு காத்து உள்ள இழுக்கப்படுது, மலைல இருக்கற பெரிய இடைவெளி கோல்டன் கேட்தான், அதனால அது வழியா பனிமூட்டத்தோட அள்ளிட்டு வருது, மத்தியானத்துல ஆரம்பிச்சு சாயங்காலம் உச்சம். ஹாஃப் மூன் பே நேரா பசிஃபிக்க பாத்து இருக்கு, மறைப்பே இல்ல. அதே ராத்திரி சைனா கேம்ப்ல நீங்க ஸ்வெட்டரோட உக்காந்து பேசிட்டு இருந்திருப்பீங்க, ஏன்னா மேற்குல மலை மறைச்சுக்குது.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, வியூ பாத்து சைட் புடிக்காதீங்க, காத்து எந்த பக்கம்னு பாத்து புடிங்க. வியூ பகல்ல நடந்து போய் பாத்துக்கலாம், தூங்கறது சைட்லதானே. கடலோரம்தான் வேணும்னா செப்டம்பர், அக்டோபர் போங்க, இங்க நிஜமான வெயில் அப்பதான்.

அப்புறம் காத்தடிச்ச பெரிய ஏர் மேட்ரஸ்ல படுத்திருந்தீங்கன்னா, உங்க நடுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். உள்ள இருக்கற காத்து தரை மாதிரியே ஜில்லுன்னு ஆயிடும், மேல எத்தன கம்பளி போத்தினாலும் முதுகு விறைக்கும். கீழ விரிக்க இன்சுலேஷன் உள்ள பேட் வாங்குங்க, எவ்ளோ குளிர தடுக்கும்னு ஆர் வேல்யூன்னு நம்பர் போட்டிருப்பான், 3க்கு மேல இருந்தா இங்க போதும்.

ஏஞ்சல் ஐலண்ட்ல எந்த சைட் நல்லா இருக்கும்?

ஏஞ்சல் ஐலண்ட் பேக்குள்ள இருக்கற தீவு. மொத்தமே கைவிரல்ல எண்ற அளவு சைட்தான், அதுல 4லேர்ந்து 6 நம்பர் ரிட்ஜ் (மலை முகடு) சைட், கோல்டன் கேட் பாலம் அப்படியே கண்ணு முன்னாடி. எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க, போய் பாத்தா டெண்ட் படபடன்னு அடிச்சுக்கும். குடும்பத்தோட போறீங்கன்னா 1லேர்ந்து 3 நம்பர் ஈஸ்ட் பே சைட் எடுங்க, மரத்துக்குள்ள அடக்கமா இருக்கு. பாலம் தெரியாது, தூக்கம் வரும்.

டிபுரான்லேர்ந்தோ சான் ஃப்ரான்சிஸ்கோலேர்ந்தோ ஃபெர்ரி. இறங்கி சைட்டுக்கு ரெண்டு மைல் வரைக்கும் மேட்டுல தூக்கிட்டு நடக்கணும், அதனால பேக்பேக்ல அடங்கறது மட்டும். விறகு எரிக்க கூடாது, கரி மட்டும்தான், அதுவும் தடை இல்லாத நாள்ல. சாயங்காலம் கடைசி ஃபெர்ரி போயிட்டா காலைல வரைக்கும் தீவுதான் கதி, எதையும் மறந்துட்டு வந்தா வந்ததுதான். இமிக்ரேஷன் ஸ்டேஷன விட்றாதீங்க. 1910லேர்ந்து 1940 வரைக்கும் சீனாக்காரங்கள வாரக்கணக்குல மாசக்கணக்குல அடைச்சு வெச்சு விசாரிச்ச இடம், அவங்க மரச்சுவத்துல செதுக்கின கவிதை இன்னும் இருக்கு. இந்தியாலேர்ந்து வந்தவங்களும் இருந்திருக்காங்க, முக்கால்வாசி பஞ்சாபிங்க. ஹெச்1பி வேலை விசா க்யூல நிக்கறவங்க ஒரு தடவ பாத்துட்டு வரணும்.

புக்கிங் கிடைக்கவே மாட்டேங்குதே ப்ரோ

ப்ரோ இல்ல, அக்கா :) ஸ்டேட் பார்க் எல்லாம் ரிசர்வ் கலிஃபோர்னியா வெப்சைட்ல ஆறு மாசத்துக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு தொறக்கும். வெள்ளி சனி வேணும்னா 7:55க்கே லாகின் பண்ணி ரெடியா இருங்க. முடியலன்னா ஞாயித்துக்கெழம ராத்திரி எடுங்க, காலியா கெடக்கும். கேன்சல் ஆகறதும் நிறைய, தெனம் ஒரு தடவ பாருங்க.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டு போலாமா?

தாராளமா. ஆனா சைனா கேம்ப், ஏஞ்சல் ஐலண்ட் ரெண்டும் வேணாம், நடை ஜாஸ்தி. கேஸ்ட்ரோ வேலி பக்கம் ஆந்தனி ஷபோ பார்க் போங்க, ஏரிக்கு மேல யூக்கலிப்டஸ் காடு, கார் சைட்டுக்கே வரும், ஷவரும் ஃப்ளஷ் டாய்லெட்டும் இருக்கு. (அந்த மரம் கெளைய திடீர்னு போடும், நேரா கீழ டெண்ட் போடாதீங்க. ஏரில குளிக்கவும் கூடாது.) ரெட்வுட் மரம் காட்டணும்னா சாமுவேல் பி டெய்லர் ஸ்டேட் பார்க், அங்கயும் இதே வசதி.

சைட் மேப்ல பாத்ரூம் பக்கத்துல இருக்கறத எடுங்க. அம்மாவுக்கு கேம்பிங் கட்டில் கண்டிப்பா, தரைல படுத்தா எழுந்துக்கதான் கஷ்டம். டெண்ட் குனியாம நிக்கற உயரத்துல இருக்கட்டும். ராத்திரிக்கு ஹெட்லாம்ப் அவங்க கைலயே குடுத்துடுங்க, உங்கள எழுப்ப சங்கடப்பட்டுட்டு இருட்டுல கிளம்பிடுவாங்க.

சாப்பாடு? கரடி வருமா?

இந்த பார்க்குகள்ல கரடி பயம் இல்ல, திருடன் ரக்கூன்தான். கூலர் பூட்ட தொறக்கும், ஜிப்ப தொறக்கும், புளியோதரையும் திங்கும். எல்லாத்தையும் சைட்ல இருக்கற ஃபுட் லாக்கர்ல வெச்சு கொக்கிய மாட்டுங்க, டூத்பேஸ்ட் உட்பட.

மெனு சிம்பிளா வெச்சுக்கோங்க, மொத ராத்திரிக்கு கட்டுசாதம், காலைல ரவா உப்புமாவுக்கு எல்லாத்தையும் வீட்டுலயே வறுத்து பொட்டலம். கேஸ் ஸ்டவ் இருக்கட்டும், காஞ்ச சீசன்ல தீ மூட்ட தடை போட்ருவாங்க. விறகு வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வராதீங்க, பார்க் கிட்டயே வாங்குங்க. விறகோட பூச்சியும் நோயும் போகும், சைனா கேம்ப் இருக்கற மரின் கவுன்ட்டில 90கள்லேர்ந்து ஒரு நோய்ல ஓக் மரம் கொத்து கொத்தா செத்துட்டு இருக்கு.

பாய்சன் ஓக்குன்னு பயமுறுத்துறாங்களே?

தொட்டா அரிக்கற செடி அது. மூணு மூணா இலை, பளபளன்னு இருக்கும், இலையுதிர் காலத்துல செவக்கும். குளிர்காலத்துல வெறும் குச்சிதான், அப்பவும் அதுல இருக்கற எண்ணெய் பட்டா அரிக்கும். பாதையவிட்டு இறங்காதீங்க, பட்டுச்சுன்னா ஒடனே சோப்பு போட்டு தேச்சு கழுவுங்க, துணியையும் தொவைங்க. உண்ணியும் உண்டு, தூங்கறதுக்கு முன்னாடி பசங்க காது பின்னாடி, கால் இடுக்கு எல்லாம் ஒரு தடவ பாத்துடுங்க.

கயாக்ல (துடுப்பு போடற சின்ன படகு) போய் டெண்ட் போடணும், பசங்க நாலு பேர், எல்லாம் பேச்சுலர்ஸ்

டொமாலெஸ் பே. சான் ஆண்ட்ரியாஸ் நிலநடுக்கப் பிளவு மேலயே நீளமா கெடக்கற பே, மேற்கு கரைல பீச்லயே டெண்ட் போடலாம், பாய்ன்ட் ரேயிஸ் நேஷனல் சீஷோர் பர்மிட் வேணும். டாய்லெட் எல்லா பீச்லயும் கெடையாது, போர்ட்டபிள் டாய்லெட் நீங்களே கொண்டு போய் திரும்ப எடுத்துட்டு வரணும், சிரிக்காதீங்க, ரூல் அது. காலைலயே கிளம்பி மத்தியான காத்துக்கு முன்னாடி போய் சேந்துடுங்க. ஈர மணல் கோடு எங்க இருக்குன்னு பாத்து அதுக்கு நல்லா மேல டெண்ட், கயாக்கயும் மேல இழுத்து கட்டுங்க. கோடை முடியற நேரம் அமாவாசை ஒட்டி போனா துடுப்பு போடற எடமெல்லாம் தண்ணி நீலமா மின்னும். லைஃப் ஜாக்கெட் கழட்டவே கூடாது, தண்ணி ஜில்லுன்னு இருக்கும், நீச்சல் தெரிஞ்சவனுக்கும் கை கால் மரத்துடும்.

மீன் புடிக்கறது பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க, 16 வயசு ஆனவங்களுக்கு லைசன்ஸ் வேணும், கடல்லயோ பேலயோ தண்ணிக்குள்ள நீட்டி கட்டின பொது பியர்ல (pier) நின்னு புடிச்சா மட்டும் வேணாம்.