ஆறு பேரும் ஆயிரம் அலர்ட்டும்: பணச்சலவைத் தடுப்பு கேள்வி-பதில்

இந்த முறை வங்கி ஊழியர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றின: பணச்சலவைத் தடுப்புக்கு, அதாவது குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணமாக மாற்றுவதைத் தடுப்பதற்கு, ஆகும் செலவு. அதனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பரிவர்த்தனை சந்தேகமாகத் தெரிந்தால் எங்கள் கண்காணிப்பு மென்பொருள் தரும் அலர்ட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒன்றுமில்லாமல் போகின்றன. பார்க்க இருப்பது ஆறு பேர். அலர்ட் அடிக்கும் தொகை வரம்பை உயர்த்தி எண்ணிக்கையைப் பாதியாக்கு என்கிறது நிர்வாகம். செய்யலாமா?

செய்யலாம். எதை வைத்து உயர்த்துகிறீர்கள் என்றுதான் நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார். “ஆறு பேரால் மாதம் இத்தனைதான் பார்க்க முடியும், ஆகவே இத்தனை அலர்ட் போதும்” என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அமெரிக்காவில் யு.எஸ். பேங்க் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. ஆள்பலத்துக்கு ஏற்ப அலர்ட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. வரம்புக்கு வெளியே விடப்பட்ட பரிவர்த்தனைகளை அதன் ஊழியர்களே சாம்பிள் எடுத்துப் பார்த்தபோது, அரசுக்குச் சந்தேக அறிக்கை போட வேண்டியவை அதில் ஏராளமாக இருந்தன. வரம்பைத் திருத்துவதற்குப் பதிலாக அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் 61.3 கோடி டாலர் கட்டினார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை ஆறு பேரை வைத்திருக்கலாம்!

சரி, முறையாகச் செய்வது எப்படி? ஒரு விதியின் வரம்பு 10,000 என்று வைத்துக்கொள்வோம். 12,000 ஆக்க ஆசை. கடந்த ஓராண்டில் 10,000-க்கும் 12,000-க்கும் இடையில் அடித்த அலர்ட்டுகளை மட்டும் தனியே எடுங்கள். அவற்றில் எத்தனை அறிக்கையாக மாறின? ஒன்றுகூட இல்லை, மூடியவர்களும் ஒழுங்காகப் பார்த்துத்தான் மூடினார்கள் என்றால் தாராளமாக உயர்த்துங்கள். நாலு தேறியிருந்தால் கை வைக்காதீர்கள். அப்புறம், வரம்புக்குக் கீழேயும் சாம்பிள் எடுங்கள். அங்கே ஏதாவது சிக்கினால் வரம்பைக் குறைக்க வேண்டிவரும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை சாம்பிள், யார் முடிவெடுத்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

உண்மையில் பெரிய மிச்சம் வரம்பில் இல்லை, வாடிக்கையாளர்களைப் பிரிப்பதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் “ஒரே கணக்கிலிருந்து ஒரே நாளில் பல கணக்குகளுக்குப் பணம்” என்று ஒரு விதி. மாதக் கடைசியானால் சம்பளம் போடுகிற நிறுவனங்கள் எல்லாம் வரிசையாக அடிக்கும். நாங்களும் “சம்பளப் பட்டுவாடா, சந்தேகமில்லை” என்ற ஒரே வரியை வெட்டி ஒட்டி மூடுவோம். ஒரு மாதம் அந்த வரிசையில் சம்பளமே போடாத ஒரு கணக்கும் இருந்தது. அதற்கும் அதே வரியை ஒட்டியிருந்தோம். அதற்குப் பிறகுதான் சம்பளக் கணக்குகளைத் தனிப் பிரிவாக்கினோம். பணம் பெறுகிறவர்களின் பட்டியல் திடீரென்று வீங்கினால் மட்டும் அடிக்கும்படி விதியை மாற்றினோம். அலர்ட் குறைந்தது, வந்த அலர்ட்டுக்கும் அர்த்தம் இருந்தது.

பத்து வருஷமாக எங்களிடம் இருக்கும் ஓய்வூதியக்காரரிடம் மறுபடி மறுபடி அடையாள ஆவணம் கேட்கிறோம். அவர் கோபப்படுகிறார், எங்களுக்கும் வேலை. இது தேவைதானா?

எல்லோருக்கும் ஒரே இடைவெளியில் தேவையில்லை. பணச்சலவைத் தடுப்புக்கு உலக அளவில் நெறிகள் வகுக்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) 2012-இல் தன் 40 பரிந்துரைகளைத் திருத்தியபோதே இடரைப் பொறுத்த அணுகுமுறையை அடித்தளமாக்கிவிட்டது: இடர் அதிகமானால் கூடுதல் விசாரணை, குறைவானால் எளிய விசாரணை. 2025 பிப்ரவரியில் முதல் பரிந்துரையை மறுபடி திருத்தி, நடவடிக்கை இடரின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்று இன்னும் அழுத்திச் சொன்னது. ஆக, ஓய்வூதியமும் மின்கட்டணமும் தவிர வேறெதுவும் நடக்காத கணக்கை நோண்டுவதற்குச் செலவிடும் நேரம் வேறெங்கோ திருடப்பட்ட நேரம்.

தேதி வந்தால் கேட்பது என்பதைவிட, ஏதாவது மாறினால் கேட்பது நல்லது. முகவரி மாறியது, திடீரென்று வெளிநாட்டுப் பணம் வந்தது, நிறுவனத்தின் உரிமையாளர் மாறினார் என்பது மாதிரி. உங்கள் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலக்கெடு மட்டும் விட்டுப்போகக் கூடாது. அதோடு ஒரு சின்ன வேண்டுகோள்: கடன் பிரிவு போன வாரம் வாங்கிய ஆவணத்தையே கார்டு பிரிவு இந்த வாரம் கேட்காமல் இருந்தாலே பாதிக் கோபம் தணியும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வாங்கினால் ஆள்செலவு பாதியாகும் என்கிறார்கள் விற்பவர்கள். நம்பலாமா?

மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதற்குள் போகும் தரவைப் பாருங்கள். பிரிட்டனின் நாட்வெஸ்ட் வங்கி ஒரு தங்க வியாபார நிறுவனத்தின் கணக்கில் ஏறக்குறைய 26.4 கோடி பவுண்டை ரொக்கமாகவே வாங்கிப் போட்டது. அந்த ரொக்க டெபாசிட்டுகளில் ஒரு பகுதியைக் கண்காணிப்பு அமைப்பு காசோலை என்று படித்தது. காசோலைக்கு இடர் குறைவு, அதனால் விதிகளும் தளர்வு. 2021 டிசம்பரில் 26.48 கோடி பவுண்டு அபராதம். எவ்வளவு கெட்டிக்கார நிரலாக இருந்தாலும், ரொக்கத்தைக் காசோலை என்று எழுதிக் கொடுத்தால் காசோலையாகத்தான் பார்க்கும்.

ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கியின் கதை இன்னும் சின்னது. தானியங்கி டெபாசிட் மெஷின்களில் புதிதாக ஒரு பரிவர்த்தனைக் குறியீடு சேர்ந்தது. பெருந்தொகை ரொக்கத்துக்கு அறிக்கை தயாரிக்கும் நிரலுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 53,506 அறிக்கைகள் உரிய நேரத்தில் போகவில்லை. வேறு குறைகளும் சேர்ந்து 2018-இல் 70 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வழக்கு முடிந்தது.

விற்பவர் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பழைய அலர்ட்டுகளையும் அவற்றின் முடிவுகளையும் கொடுத்தால் ஓட்டிக் காட்டுவீர்களா? ஒன்றைத் தள்ளிவிட்டால், ஏன் தள்ளியது என்று எங்கள் ஊழியருக்குப் புரிகிற மொழியில் சொல்லுமா? புதிதாக ஒரு சேவை தொடங்கினால் அதை இந்த மென்பொருளுக்குத் தெரிவிப்பது யார் பொறுப்பு? மூன்றாவதற்கு மழுப்பினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் பெயரைத் தடைசெய்யப்பட்டவர்களின் பட்டியலோடு ஒப்பிடுவதில் ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டில் வரும் தொல்லைக்கு இந்த வகை மென்பொருள் நன்றாகவே உதவுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பணம் அனுப்பும் சிறு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் எல்லாவற்றையும் மொத்தமாக வெளியேற்றிவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

உங்களுக்கு விட்டது. ஒரு துறையையே கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது இடரைப் பொறுத்த அணுகுமுறை ஆகாது என்று பணிக்குழு 2014-லேயே சொல்லிவிட்டது. வெளியேறிய பணம் நின்றுவிடுவதில்லை, யாரும் பார்க்க முடியாத வழியில் போகிறது. குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரின் இடரைச் சமாளிக்க முடியவில்லை என்றால் கணக்கை மூடுங்கள், தப்பில்லை. காரணத்தை அவர் கோப்பில் எழுதுங்கள். “இந்தத் துறை” என்பது காரணமாகாது. வங்கிக்கே கட்டுப்படியாகவில்லை என்றால், அந்தப் பிரிவுக்குக் கட்டணத்தை உயர்த்துவது, ரொக்கத்துக்கு வரம்பு வைப்பது போன்ற நடுவழிகளும் உண்டு.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சந்தேக அறிக்கையாக அனுப்பிவிடுகிறோம். பாதுகாப்புதானே?

பாதுகாப்பு என்ற நினைப்புதான். ஐரோப்பாவில் வரும் அறிக்கைகளில் பத்தில் ஒன்றுதான் மேல்விசாரணைக்குப் போகிறது என்று ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல் 2017-இல் கணக்கிட்டது. உங்கள் நூறு அறிக்கை அந்தக் குவியலை உயர்த்தும், அவ்வளவே. இவர் தொழில் என்ன, வழக்கமான வரவு என்ன, இது எங்கே முரண்படுகிறது, பணம் எங்கே போனது என்று நாலு பத்தியில் தெளிவாக எழுதிய ஒன்று போதும்.

அறிக்கை போட்டதை வாடிக்கையாளரிடம் சொல்லலாமா?

கூடாது. பெரும்பாலான நாடுகளில் அதுவே குற்றம். ஜாடையாகவும் வேண்டாம்.

மொத்தச் செலவில் எத்தனை சதவீதத்தை இதற்கு ஒதுக்குவது சரி? இயக்குநர் குழு ஓர் எண் கேட்கிறது.

எண் கேட்பதே ஆபத்தான இடத்தில் தொடங்குவது. கனடாவின் டிடி பேங்க் வழக்கில் வெளிவந்தது இதுதான்: வியாபாரம் வளர்ந்துகொண்டே போனது, பட்ஜெட் மட்டும் ஆண்டுக்காண்டு ஏறக் கூடாது என்று நிர்வாகம் கட்டுப்பாடு வைத்தது. விளைவு, 2018 ஜனவரி முதல் 2024 ஏப்ரல் வரை பரிவர்த்தனைத் தொகையில் 92 சதவீதம் கண்காணிப்புக்குள்ளேயே வரவில்லை, ஏறக்குறைய 18.3 லட்சம் கோடி டாலர். 2024 அக்டோபரில் அதன் அமெரிக்கத் துணை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுமார் 300 கோடி டாலர் அபராதம், அதற்கு மேல் அமெரிக்கச் சொத்துகள் வளர உச்சவரம்பு. அபராதத்தை ஒரு முறை கட்டிவிடலாம், இந்த உச்சவரம்புதான் முதலாளிகளுக்கு வலிக்கும்.

குழுவிடம் சதவீதத்துக்குப் பதில் ஒரு பக்கம் கொடுங்கள். எந்தெந்தச் சேவை கண்காணிப்பில் இருக்கிறது, எது இல்லை, எத்தனை அலர்ட் எத்தனை நாளாகக் காத்திருக்கிறது, இந்த ஆண்டு புதிதாக எந்தச் சேவை வருகிறது என்று. “இல்லை” என்ற வரிசையை யார் ஏற்றுக்கொண்டு கையெழுத்திடுகிறார் என்றும் கேளுங்கள். பட்ஜெட் கூட்டத்தில் அந்த ஒற்றைக் கேள்விக்குக் கிடைக்கும் மௌனத்தை நான் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். இரண்டு முறையும் கேட்ட கூடுதல் ஆள் கிடைத்தது.

நான் கவுன்ட்டரில் இருக்கும் காசாளர். சந்தேகம் வந்தால் படிவம் எழுதித் தருகிறேன், அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. எழுதுவதை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நாட்வெஸ்ட் கதையில் பணம் குப்பைப் பைகளில் வந்தது. பைகள் கிழிந்தன, ஒரு கிளையில் பெட்டகங்களில் இடம் போதவில்லை. கையில் வாங்கிய ஊழியர்கள் சந்தேகத்தைத் தெரிவித்தும் இருந்தார்கள். விசாரிக்க வேண்டியவர்கள்தான் உரியபடி எதுவும் செய்யவில்லை. உங்கள் மேலாளரிடம் இதைக் கேளுங்கள்: படிவம் கிடைத்தது, பார்த்தோம் என்று ஒரு வரியாவது திரும்பி வரட்டும். அறிக்கை போனதா என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வரிக்குச் செலவு ஏதுமில்லை, மேலாளர் மறுத்தால் இந்தப் பதிலை அச்செடுத்து அவர் மேஜையில் வையுங்கள்.