ஃபிராங்கோனியா முகட்டுச் சுற்றை ஒரே நாளில் நடந்து முடிக்க முடியுமா? முதல்முறை போகிறவர்கள் எந்தப் பக்கமாக ஏறுவது?

முடியும். பாஸ்டனிலிருந்து விடியுமுன் காரை எடுத்து, சுற்றி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்திருக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைகளில் உள்ள இந்தச் சுற்றுப்பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். நின்று நிதானித்து நடந்த எங்களுக்கு எட்டரை மணி நேரம் பிடித்தது.

ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறுங்கள், ஓல்டு பிரைடில் பாத் வழியாக இறங்குங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். முதல் பாதை ஓடையை ஒட்டியே போகிறது, செங்குத்தானது, பாறைகள் எப்போதும் ஈரம். ஏறும்போது கையை ஊன்றிச் சமாளிக்கலாம். களைத்த காலோடு அதில் இறங்குவது ஆபத்து. வழியில் மூன்று அருவிகள் வரும். 24 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கிளவுட்லேண்ட் அருவியின் எதிரே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் காடும் ஏற்றமும்தான்.

லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் மரங்கள் சட்டென்று முடிந்துவிடும். முதல்முறை போகிறவர் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கிருந்து லிங்கன், லாஃபாயெட் சிகரங்கள் வரை 2.7 கிலோமீட்டருக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. லாஃபாயெட்டின் உயரம் 1,600 மீட்டர்தான், கொடைக்கானல் ஊரே அதைவிட உயரம் என்று நாம் நினைப்போம். ஆனால் இது நிலநடுக்கோட்டுக்கு 44 பாகை வடக்கே இருக்கிறது. மரமே வளர முடியாத குளிரும் காற்றும் இந்த உயரத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

நான் முதல்முறை போனது ஒரு செப்டம்பரில். கீழே வெயில். மேலே மரங்களை விட்டு வெளியே வந்தால் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை, காற்று ஆளைத் தள்ளியது. "அண்ணா, இவ்வளவு தூரம் ஏறிட்டுத் திரும்பறதா?" என்றான் கூட வந்த தம்பி. திரும்பினோம். அந்த ஈரப்பாறையில் இறங்கி முடிப்பதற்குள் இருவரும் நாலைந்து முறை வழுக்கினோம். ஆனாலும் அன்று எடுத்த முடிவு சரிதான் என்றே இன்றும் சொல்வேன். இடிமழைக்கு வாய்ப்பு என்று மலை உச்சிகளுக்கான முன்னறிவிப்பு சொன்னால் வேறொரு நாள் போங்கள். ஊருக்கான வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

அடுத்த வருடம் வானம் திறந்திருந்தது. அந்த முகட்டில் நடப்பதை எப்படிச் சொல்ல! இரு பக்கமும் சரிவு, நடுவில் ஒற்றையடிக் கற்பாதை. கிழக்கே வரிசை வரிசையாக மலைகள்; மேற்கே பள்ளத்தாக்கைத் தாண்டி கேனன் மலையின் பாறைச்சுவர். கிழவனின் முகம் போலிருந்த புகழ்பெற்ற பாறை 2003 மே 3 அன்று சரிந்தது அங்கேதான். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை போகும் அப்பலாச்சியன் நெடும்பாதையும் இந்த முகட்டின் மேல்தான் செல்கிறது. பாதையின் ஓரத்தில் தாழ்வாகக் கல் அடுக்கியிருப்பார்கள், அதைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். தரையோடு படர்ந்திருக்கும் டயபென்சியா போன்ற செடிகள் பனியையும் புயலையும் தாங்குகின்றன, நம் செருப்பை மட்டும் தாங்குவதில்லை. படம் எடுப்பதற்காக அவற்றின் மேல் ஏறி நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

லாஃபாயெட்டிலிருந்து இறங்கினால் கிரீன்லீஃப் குடில். கோடையில் அங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம், சூடான சூப் கிடைக்கும். அதற்குக் கீழேதான் முழங்காலுக்குச் சோதனை. ஊன்றுகோல் இருந்தால் கொண்டுபோங்கள். நடுவில் வரும் திறந்த பாறைகளில் நின்று திரும்பிப் பாருங்கள். காலையிலிருந்து நடந்த முகடு முழுவதும் ஒரே கோடாகத் தெரியும்.

சனி, ஞாயிறுகளில் பார்க்கிங் சீக்கிரமே நிரம்பிவிடும், ஆறு மணிக்குள் அங்கே இருங்கள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் தொடக்கத்தில் போகிறீர்கள் என்றால், மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.