டிடிடி கோப்பை உலாவி ஏன் படிப்பதில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தின் நூற்பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி வருகிறேன். அடிக்கடி வரும் பதிப்பகப் பெயர்களைத் தனி டிடிடி கோப்பில் (எக்ஸ்எம்எல் கோப்பின் கட்டமைப்பு விதிகளை வைக்கும் கோப்பு) என்டிட்டிகளாக, அதாவது முழு உரைக்குப் பதிலாக எழுதும் சுருக்கப் பெயர்களாக, அறிவித்திருக்கிறேன். ஜாவா நிரல் ஒன்று இதைச் சரியாகப் படிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் ‘வரையறுக்கப்படாத என்டிட்டி’ என்ற பிழைச்செய்தி வருகிறது. தவறு யாருடையது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறு இருவருடையதும் அல்ல. 1998 பிப்ரவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 வரையறையின்படி, கோப்பை டிடிடியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரல்) வெளி டிடிடியைக் கட்டாயம் படிக்க வேண்டும். சரிபார்க்காத பார்சர் அதைப் படிக்கலாம், படிக்காமலும் விடலாம். ஜாவாவோடு வரும் பார்சர், சரிபார்க்கச் சொல்லாதபோதும், வெளி டிடிடியைத் தேடிப் படிப்பதையே வழக்கமாகக் கொண்டது. ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தேடிப் போவதில்லை. எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதிய வலைப்பக்கங்களான எக்ஸ்ஹெச்டிஎம்எல் பக்கங்களில் மட்டும் என்டிட்டிகள் வேலை செய்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் டிடிடி இறக்கப்படுவதில்லை. கோப்பின் தொடக்கத்தில் டிடிடியைச் சுட்டும் டாக்டைப் அறிவிப்பில் உள்ள பொது அடையாளத்தை (டிடிடியின் நிலையான பெயரை) கண்டதும், உலாவி தன்னிடமே உள்ள என்டிட்டிப் பட்டியலை எடுத்துக்கொள்கிறது.

இதை உலாவியின் சோம்பலாக எண்ண வேண்டாம். டபிள்யூ3சி தளத்தில் உள்ள, மாறாத அந்த டிடிடி கோப்புகளைப் பல நிரல்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால், தங்கள் வழங்கிகளுக்கு ஒரு நாளில் 13 கோடி வேண்டுகோள்கள் வரை வந்ததாக 2008இல் டபிள்யூ3சியே முறையிட்டது. அதைவிடக் கவலைக்குரியது பாதுகாப்பு. வேறு கோப்பின் உள்ளடக்கத்தைச் சுட்டும் வெளி என்டிட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கும் வழங்கியிடம், அதன் கடவுச்சொல் கோப்பையே ஒரு என்டிட்டியாகச் சுட்டும் எக்ஸ்எம்எல்லை அனுப்பி, உள்ளடக்கத்தை வெளியே எடுத்துவிட முடியும்.

டிடிடியைப் படிக்காவிட்டால் என்டிட்டிகள் மட்டுமே விடுபடும் என்று பலர் நினைக்கிறார்கள். உறுப்புகளின் பண்புகளை எழுதாமல் விட்டால் டிடிடி தரும் இயல்பு மதிப்புகளும் சேர்ந்து விடுபடும். எக்ஸ்ஹெச்டிஎம்எல் 1.0 டிடிடியில், வேர் உறுப்பின் (எல்லாவற்றையும் உள்ளடக்கும் முதல் உறுப்பின்) பெயர்வெளிப் பண்புக்கு, அதாவது இவை எந்த மொழியின் உறுப்புகள் என்று சொல்லும் பண்புக்கு, நிலையான மதிப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பண்பை எழுதாமல் விட்டால், டிடிடியைப் படித்த பார்சர் அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். உலாவியோ, எக்ஸ்எம்எல்லாக வந்த அந்தப் பக்கத்தை வலைப்பக்கம் என்றே அறியாமல் வெறும் உறுப்பு மரமாகக் காட்டும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதை, பிழைச்செய்தியைவிட மோசமானதாகவே கருதுகிறேன், ஏனெனில் அங்கே எச்சரிக்க ஒரு செய்திகூட வராது.

உங்களுக்கு வேண்டிய மாற்றம் சிறியது. டாக்டைப் அறிவிப்புக்குள் சதுர அடைப்பைத் திறந்து, ‘&பதிப்பகம்;’ போன்ற என்டிட்டிகளின் அறிவிப்புகளை அங்கேயே எழுதுங்கள். உள் அறிவிப்புகளைச் சரிபார்க்காத பார்சரும் படித்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே உலாவியிலும் பெயர்கள் தெரியும். (என்டிட்டிப் பெயரைத் தமிழில் வைக்கத் தடையில்லை.) கட்டமைப்பைச் சரிபார்க்கும் விதிகள் வெளி டிடிடியிலேயே இருக்கட்டும். பெயர்கள் பத்து இருபதுதான் என்றால், என்டிட்டியே இல்லாமல் முழுப்பெயரையும் நேராக எழுதிவிடுவதையே நான் விரும்புவேன்.