வரி கேள்வி–பதில்: ஒரே தப்பு, இரண்டு முடிவு

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறோம். 2022-23இல் ஜாப் ஒர்க் கூலியில் பிடித்த டிடிஎஸ்ஸை (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) தாமதமாக, வட்டியோடு கட்டிவிட்டோம். இப்போது வழக்குத் தொடர்வதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. இதே தப்புக்கு ஆம்பூரில் ஒருவர் பணம் கட்டி வெளியே வந்துவிட்டார், வாணியம்பாடியில் ஒருவருக்கு ஜெயில். சட்டம் ஆளுக்கு ஒன்றா?

பதில்: ஆம்பூர்க்காரர் வழக்கு பெரும்பாலும் தீர்ப்பு வரை போயிருக்காது. காம்பவுண்டிங்கில், அதாவது துறைக்குக் கட்டணம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொள்வதில், முடிந்திருக்கும். பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்டாததற்கான 1961 வருமான வரிச் சட்டத்தின் 276பி பிரிவு 2022-23இல் இருந்தபடி, குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 7 ஆண்டு கடுங்காவல், கூடவே அபராதம். அபராதத்தோடு மட்டும் விட அந்தப் பிரிவில் அப்போது இடமில்லை. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிப்பதையும் 18 வயது நிரம்பியவர்களுக்கு 292ஏ தடுக்கிறது.

பிந்திக் கட்டியதால் குற்றம் மறைந்துவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் பதில் கொடுங்கள். பிடித்த தேதி, சலான் தேதி, மாதம் 1.5 சதவீத வட்டிக் கணக்கு, எக்ஸ்போர்ட் கம்பெனி பணம் தராமல் இழுத்ததுதான் தாமதத்துக்குக் காரணம் என்றால் அதற்கான பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை இணையுங்கள். நியாயமான காரணத்தை நிரூபித்தால் 278ஏஏ தண்டனையிலிருந்து காக்கும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. காரணம் பலவீனமாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் 279(2)இன்படி காம்பவுண்டிங் மனு போடுங்கள். அது உரிமை அல்ல, ஏற்பது துறையின் முடிவு. வரி, வட்டி பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது.

கேள்வி: 3 மாதத்துக்கும் 7 ஆண்டுக்கும் நடுவே நீதிபதி எதை வைத்து முடிவு செய்கிறார்? (குடியாத்தம் வாசகர்)

பதில்: இங்கிலாந்தில் தண்டனை கவுன்சில் வகுத்த வழிகாட்டி இருக்கிறது. இழப்புத் தொகை, திட்டமிட்ட அளவு பார்த்து எங்கே தொடங்குவது என்று நீதிபதிக்குத் தெரியும். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 2003இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு பரிந்துரைத்தும் வரவில்லை. அதனால் ஒரே தொகைக்கு இரண்டு கோர்ட்டில் இரண்டு அளவு வருகிறது. பிடித்த வரியை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் ஒழுங்காகக் கட்டுகிற தோல் வியாபாரிக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அது நியாயமான கோபமே. மாட்டுவது நிச்சயம் என்றால்தான் மக்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள்; எங்கோ ஒருவருக்கு விழும் கடும் தண்டனை அந்த வேலையைச் செய்யாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 132(3) ஓரளவு நல்ல வழி: 6 மாதத்துக்கும் குறைவாகச் சிறை கொடுத்தால் சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும்.

குற்றவாளி என்று முடிவானபின் தண்டனை பற்றி நீதிபதி தனியாகக் கேட்பார். அங்கே ‘குடும்பம் கஷ்டம்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நோட்டீஸுக்கு முன்பே கட்டிய சலான், முந்தைய ஆண்டுகளின் ஒழுங்கான ரிட்டர்ன் ஆகியவற்றை அப்போதே பதிவில் ஏற்றுங்கள். அப்பீலில் செஷன்ஸ் கோர்ட் முதலில் புரட்டுவது அந்தப் பதிவைத்தான்.