கடவுளுக்கு எதற்கு இரத்தம்?

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் ஆடி மாசம் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "உங்க சர்ச்சுலயும் ரத்தம் ரத்தம்னுதானே பாடுறீங்க, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்பான கடவுளுக்கு இரத்தம் எதற்கு?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சகோதரி, அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. கோபமாக இருக்கிற கடவுளைச் சாந்தப்படுத்தத்தான் இரத்தம் என்று நம் சபைகளிலேயே நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

வேதாகமத்தில் ஆதியாகமம் 15-ஐ எடுங்கள். கடவுள் ஆபிரகாமோடு உடன்படிக்கை, அதாவது ஒப்பந்தம், செய்கிற இடம் அது. ஆபிரகாம் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறார், பிணத்தின்மேல் இறங்குகிற பறவைகளைத் துரத்திக்கொண்டே காத்திருக்கிறார். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடப்பார்கள். வாக்குத் தவறினால் எனக்கும் இதே கதிதான் என்று அதற்கு அர்த்தம், எரேமியா 34-ஐப் பார்த்தால் புரியும். ஆனால் அன்று இருட்டின பிறகு புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் மட்டும்தான் நடுவே கடந்துபோகின்றன, அவை கடவுள் அங்கே இருப்பதற்கு அடையாளம். ஆபிரகாம் நடக்கவே இல்லை! கடவுளே தம்மேல் ஆணையிட்டுக்கொள்கிறார்.

அப்புறம் சீனாய் மலை, யாத்திராகமம் 24. மோசே பாதி இரத்தத்தைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார், உடன்படிக்கைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறார், இஸ்ரவேல் ஜனங்கள் "கீழ்ப்படிந்து நடப்போம்" என்றதும் மீதியை அவர்கள்மேல் தெளிக்கிறார். உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது லேவியராகமம் 17:11, ஆக ஒரே உயிர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. மோசே மலைமேல் இருந்த 40 நாளுக்குள் இதே ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்துவிட்டார்கள். வாக்குத் தவறியது மனுஷன்தான். அப்படியும் கடவுள் கைகழுவவில்லை, எரேமியா 31-ல் புது உடன்படிக்கை செய்வேன் என்கிறார், கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்து அது தம் இரத்தத்தினாலான புதிய உடன்படிக்கை என்கிறார் (லூக்கா 22:20). வாக்குத் தவறினவன் ஏற்க வேண்டியதை, தவறாதவரே சிலுவையில் ஏற்றுக்கொண்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தச் சிலுவைப் பலி ஒரே தரம் நடந்தது, எபிரெயர் 10 அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதனால்தான் நம் ஆலயத்தில் ஆடு மாடு பலி இல்லை. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்தில் நாம் கடவுளுக்கு இரத்தம் கொடுக்கவில்லை, அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறோம். அக்காவிடம் இதையே சொல்லுங்கள். அவர் வழிபாட்டைக் குறைவாக ஒரு வார்த்தை பேச வேண்டாம். மேலும் கேட்டால் ஆதியாகமம் 15-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.