மீன் கூண்டுக் கழிவைக் கடற்பாசி எவ்வளவு உறிஞ்சும்?

கேள்வி: பாக் நீரிணையில் மிதவைக் கூண்டு அமைத்துக் கடல் விரால் வளர்க்க எங்கள் குழு எண்ணியுள்ளது. கூண்டைச் சுற்றிப் பாசி கட்டினால் மீன் கழிவு முழுவதையும் பாசியே எடுத்துக்கொள்ளும், பாசி விளைச்சலும் கூடும் என்கிறார்கள். இது உண்மையா?
– வாசகர், தொண்டி

பதில்: விளைச்சல் கூடும் என்பது உண்மை. கழிவு முழுவதையும் பாசி எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையன்று.

பாசிக்குச் சத்தாகும் நைட்ரஜன் மீன் தீனியில் உள்ளது; அதில் ஏறத்தாழக் கால் பங்கு மட்டுமே மீனின் உடலில் தங்குகிறது. மீதியில் பெரும்பகுதியை மீன் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்ற, அது கடல் நீரில் கரைந்து அம்மோனியமாகிறது. வேரில்லாத பாசி தன் உடற்பரப்பு முழுவதாலும் சத்தை உறிஞ்சுவது. நைட்ரஜனின் இன்னொரு வடிவமான நைட்ரேட் கிடைத்தால் அதை ஆற்றல் செலவிட்டு அம்மோனியமாக மாற்றிய பிறகே புரதமாக்க முடியும். கூண்டிலிருந்து வருவதோ அந்த மாற்றம் தேவைப்படாத அம்மோனியம். அதனால்தான் கூண்டருகே பாசி செழிக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம், ஒரு கடல் விரால் கூண்டருகே 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகள் 16-ஐக் கட்டி, கப்பாபைகஸ் பாசியை 45 நாள் சுற்றுகளாக வளர்த்துப் பார்த்தது. கூண்டருகே மிதவைக்குச் சுமார் 320 கிலோ கிடைத்தது; கூண்டில்லாத இடத்தில் சுமார் 144 கிலோதான்.

ஆனால் கழிவின் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டன் மீனுக்கு 45 விழுக்காடு புரதமுள்ள உலர் தீனி 2 டன் செலவாகிறது என்று கொள்வோம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் கூண்டுக்குள் போவது 144 கிலோ. மீனோடு 30 கிலோ அளவே கரையேறும். 110 கிலோவுக்கு மேல் கடலில் சேரும். ஈரப்பாசியில் உலர் பொருள் பத்தில் ஒரு பங்குதான்; அதில் 2 விழுக்காடு நைட்ரஜன் என்று வைத்தால், ஒரு டன் ஈரப்பாசி 2 கிலோ நைட்ரஜனை எடுத்துச் செல்லும். மண்டபம் அளவில் 16 மிதவைகளிலும் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் 5 டன் பாசியோடு வெளியேறுவது சுமார் 10 கிலோ. பாசியின் வகைக்கும் தீனிக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறினாலும், ஒரு கூண்டின் கழிவை ஈடுகட்ட மிகப் பெரிய பாசிப் பரப்பு தேவை என்பது மாறாது. இதை உங்களிடம் சொல்லாமல் கூண்டையும் மிதவையையும் விற்பது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

கரையாத கழிவு வேறு கதை. மீன் எச்சமும் தின்னாத தீனியும் கூண்டுக்கடியில் படிகின்றன. பாஸ்பரஸில் பெரும்பகுதி அவற்றில்தான் உள்ளது. பாசியால் அவற்றைத் தொட முடியாது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் சால்மன் கூண்டுகளருகே கெல்ப் பாசியுடன் மட்டிகளையும் வளர்ப்பது நுண்துகள்களை வடிகட்டுவதற்காகத்தான். அடியில் படிவதைத் தின்னும் கடல் அட்டையை வட இலங்கையில் வளர்க்கிறார்கள். இந்தியாவில் அது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுவதால் நமக்கு அந்த வழி இல்லை. ஆகவே தீனியை அளந்து போடுவதே அடிப்படிவைக் குறைக்க முதலில் செய்ய வேண்டியது.

கேள்வி: மிதவைகளைக் கூண்டோடு ஒட்டிக் கட்டலாமா? எப்போது அறுக்க வேண்டும்?
– அதே வாசகர்

பதில்: ஒட்டிக் கட்ட வேண்டாம். மண்டபத்தில் கூண்டிலிருந்து 15 அடி தள்ளி, நீரோட்டம் போகும் பக்கமாக அரைவட்டத்தில் கட்டினார்கள். நெருங்கிக் கட்டினால் கூண்டுக்குள் புது நீர் வருவது தடைப்படும். பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி இரவில் அதையே உட்கொள்வதால், விடியலுக்கு முன் மீனுக்கு மூச்சுத் திணறலாம். நீரோட்டம் அறவே இல்லாத இடமும் ஆகாது. பாசியின் மேற்பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் தடித்துவிட்டால், சுற்றிலும் சத்து இருந்தும் அது பாசியைச் சென்றடையாது. வண்டலும் ஒட்டுப்பாசியும் படியாதபடி அடிக்கடி அலசிவிடுங்கள்.

அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள். பாசி உறிஞ்சிய சத்து கரையேறினால்தான் கடலைவிட்டு நீங்கியதாகும். முறிந்து விழுந்து அழுகினால் அத்தனையும் நீருக்கே திரும்பும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மிதவைகளைக் கரையேற்றிவிட்டால், அந்த மாதங்களில் உறிஞ்சலும் இல்லை என்பதைத் தீனித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்தப் பாசியையும் கட்டலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. கப்பாபைகஸ் அயல்நாட்டு இனம். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மீது அது படர்ந்திருப்பது 2008-இல் பதிவாகியுள்ளது. நம் கடலுக்கே உரிய கஞ்சிப் பாசியையும் முயன்று பார்க்கலாம். சத்து போதுமானபோது அதன் நிறம் அடர்ந்தும், பசித்திருக்கும்போது வெளிறியும் தெரிவதால் கண்காணிப்பதும் எளிது. எதுவாயினும், உங்கள் பகுதியில் எந்தப் பாசிக்கு அனுமதி உண்டு என்பதை மீன்வளத் துறையிடம் எழுத்தில் பெற்ற பிறகே மூங்கில் வாங்குங்கள்.